ரோசா இலையில் ஒரு வட்டம்

2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தபோது, பத்திரிகைகளில் நாங்கள் எல்லோரும் பசளையைப் பற்றியே எழுதினோம். கூட்டெரு, பசுந்தாட்பசளை என்று பத்திகள் நிரம்பின. நவம்பரில் தடை தளர்ந்ததும் எழுத்தும் ஓய்ந்தது. பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசெல்வது யார் என்ற கேள்வி எந்தப் பத்தியிலும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவின் ஒரு மூலையில் சணல் விதைத்திருந்தேன். பூக்கும் பருவத்தில் அதை உழுது மண்ணோடு மடக்கிவிடுவது நம் கமக்காரர்களின் வழக்கம். அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமானால் ஒரு பாத்தியையேனும் விட்டுவைக்க வேண்டும். ஆனால் சணற்பூ சும்மா காய்த்துவிடாது. தேனீயொன்று அதன் இதழ்களை அழுத்தித் திறந்து உள்ளே உரசினால்தான் காய் பிடிக்கும். அந்த வேலையைச் செய்வோர் கருவண்டும் இலைவெட்டித் தேனீயும்.

இலைவெட்டித் தேனீயை அதற்கு முன்னரும் கண்டிருக்கிறேன், பெயர் அறியாமல். இதற்குக் கூட்டமில்லை, இராணியில்லை, நமக்கு எடுக்கத் தேனுமில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனிக்குடித்தனம். மூங்கிற் குழலிலோ செத்த மரத்தின் துளையிலோ, வெட்டிய இலைத்துண்டுகளைச் சுருட்டி அறை அமைக்கும். அதனுள் மகரந்தமும் தேனும் குழைத்த உணவை வைத்து, ஒரு முட்டையிட்டு, வட்டமான இலைகளால் மூடி, அடுத்த அறையைத் தொடங்கும். முடிவில் பார்த்தால் சுருட்டுப்போல இருக்கும். பெண்ணாகப் போகும் முட்டைகள் உள்ளேயும் ஆண்கள் வாசலருகிலும் அமைவதால் ஆண்களே முதலில் வெளிவருகின்றன. மகரந்தத்தைக் காலில் உருண்டையாக ஒட்டாமல், வயிற்றின் அடிமயிரில் உலர்ந்த தூளாகவே சுமக்கும். போகிற பூவிலெல்லாம் அது சிந்தும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

கனடாவின் மேற்கு மாகாணங்களில் இத்தேனீ வளர்ப்பு ஒரு பெருந்தொழில். அங்கே கால்நடைத் தீவனமான அல்பால்பாவின் விதை உற்பத்தி இதை நம்பியே நடக்கிறது. அல்பால்பாப் பூவுக்குள் வில்போல் மடங்கிய ஒரு தண்டு இருக்கிறது, தொட்டவுடன் நிமிர்ந்து அடிக்கும். தேன்தரும் தேனீ சில அடிகள் வாங்கியதும் பக்கவாட்டால் தேனை உறிஞ்சப் பழகிக்கொள்கிறது. இலைவெட்டித் தேனீயோ அடியைப் பொருட்படுத்துவதில்லை. அங்கு வளர்க்கப்படும் இனம் ஐரோப்பா, ஆசியா பக்கத்திலிருந்து தற்செயலாய்ப் போய்ச் சேர்ந்தது. றெஜிபோம் பலகைகளில் வரிசையாகத் துளையிட்டுக் குடியிருத்தி, கூட்டறைகளைக் குளிர்காலத்தில் 5 பாகை அளவில் வைத்திருந்து, கோடை வரும்போது 30 பாகை வெப்பத்தில் மூன்று வாரங்கள் போல வைத்துப் பொரிக்கச் செய்கிறார்கள்.

நமக்கு அந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் கணுவால் அடைபட்ட, ஒரு சாண் நீள மூங்கிற் குழல்கள் போதும். உள்துளை 6 முதல் 10 மில்லிமீற்றர். கட்டாகக் கட்டி, மழை படாமல், காலை வெயில் விழும் தாழ்வாரத்தில் ஆடாதபடி பொருத்த வேண்டும். தொங்கவிடும் கம்பியில் கிறீஸ் பூசினால் எறும்பு ஏறாது. குஞ்சுகள் வெளியேறிய குழல்களைத் திரும்பப் பாவிக்காமல் எரித்துவிடுவது நல்லது. ஒட்டுண்ணிக் குளவியும் பூஞ்சணமும் அவற்றில் தங்கிவிடும்.

கடினமான பகுதி குழல் அல்ல, அக்கா. காலமான அத்தான் பண்டாரவளையிலிருந்து தடியாகக் கொண்டுவந்து நட்ட ரோசாவின் இலைகள் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டுண்டிருந்தன. அக்கா மருந்தடிக்கும் போத்தலோடு நின்றார். இந்தத் தேனீக்கு நஞ்சு இரு வழிகளில் போகிறது: பூவால் ஒன்று, குஞ்சைச் சுற்றும் இலையால் இன்னொன்று. இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"பூவைத் தொடாதுதானே?" என்று கேட்டார்.

"தின்பதற்கும் அல்ல, தொட்டில் கட்டத்தான் வெட்டுகிறது" என்றேன்.

"அப்ப வெட்டட்டும்."

போத்தல் மாட்டுக்கொட்டிலுக்குப் போயிற்று. இவ்வாண்டு முப்பது குழல்களில் பதினொன்று பச்சை இலையால் மூடப்பட்டிருக்கின்றன. கணக்கு வைப்பது அக்காதான், நாள்காட்டியின் ஓரத்தில்.