மலையில இருக்குறவனுக்கு எதுக்கு போட்டு?

கொழும்பில் என்னோடு அறையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் மே மாதம் வந்தாலே கேட்பான்: "நீங்கள் மலையிலதானே இருக்கிறீங்கள், உங்களுக்கு என்னடாப்பா வெள்ளம்?" அவனைக் குறை சொல்ல முடியாது. மலையகம் என்றால் பலருக்கும் நுவரெலியா, குளிர், ரயில் ஜன்னல், கொழுந்துக் கூடை. சப்ரகமுவ அந்தப் படத்துக்குள் வருவதே இல்லை. எங்கள் கஹவத்தையில் தேயிலையும் இறப்பரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். உயரம் குறைவு, மழை அதிகம், வேர்வை அதைவிட அதிகம். லயம் மேட்டில்தான். ஆனால் அரிசிக் கடை, பேங்க், பஸ் ஸ்டேண்ட் எல்லாம் கீழே, வே கங்கைப் பக்கம்.

இந்த வே கங்கை இரத்தினபுரியில் போய் களு கங்கையோடு சேர்கிறது. களு கங்கையின் குணம் தெரிந்தால்தான் எங்கள் ஊர் வெள்ளம் புரியும். சிவனொளிபாதமலைப் பக்கம் சுமார் 2,250 மீற்றர் உயரத்தில் ஆரம்பிக்கும் ஆறு, முதல் 36 கிலோமீற்றருக்குள்ளேயே கடல் மட்டத்திலிருந்து வெறும் 14 மீற்றருக்கு இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு களுத்துறைக் கடல் வரைக்கும் 90 கிலோமீற்றருக்கு மேல் கிட்டத்தட்ட சமதரை. ஓடி வந்த தண்ணீர் திடீரென்று நடக்க வேண்டியிருக்கிறது. நடக்க இடமில்லாமல் டவுனுக்குள் ஏறுகிறது. களு கங்கை நிறைந்து நிற்கும்போது வே கங்கைக்குக் கொட்ட இடமில்லை. அது பின்னாலேயே தேங்கி, கரையோர வயலையும் ரோட்டையும் பிடித்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறுவது அதனால்தான்.

எங்கள் வீட்டில் "பெரிய வெள்ளம்" என்றால் 2003 மே. நாட்டில் 200க்கும் மேற்பட்டவர்கள் செத்த வெள்ளம் அது. இரத்தினபுரி மாவட்டத்தில் மண்சரிவுதான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா இறப்பர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டில்லாவிட்டால் பேரும் இல்லை. அப்பாயி இன்னும் சொல்லும்: "தண்ணி நம்ம லயத்துக்கு வரல சாமி. அரிசியும் வரல." வெள்ளத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

போட்டில் நான் முதன்முதலில் ஏறியது 2017 மே 26. வெள்ளிக்கிழமை. ஏ.எல் எழுதிவிட்டு இரத்தினபுரி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைக்குப் பின்னால் கீழ்த்தட்டு அறையில் மூன்று பேர், மூன்று பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். டவுனில் சொந்த வீடு உள்ளவர்கள் மேல்மாடியில் இருப்பார்கள். கீழ்த்தட்டு எப்போதும் வாடகைக்குத்தான். காரணம் அன்றைக்குப் புரிந்தது. விடியுமுன் பாய் ஈரமாகி முழிப்பு வந்தது. வெளிச்சம் வருவதற்குள் முழங்கால். துணிக்கட்டுகளை மேலே ஏற்றி முடிக்கும்போது மாடிப்படியில் பாதி தெரியவில்லை. எங்கள் மூவருக்கும் நீச்சல் தெரியாது. பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்?

மத்தியானம் ஒரு ஃபைபர் தோணி வந்தது. கடற்படையின் போட்டுகள் டவுனில் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன, இது ஊர்க்காரருடையது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு சிங்கள மாமா, மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். நான் கால் வைத்ததும் தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. "இந்தகன்ன, இந்தகன்ன!" என்று கத்தினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒக்காரு. நடுவுல ஒக்காரு" என்றார். எங்கே கற்றுக்கொண்டாரோ, சுத்தமான தோட்டத்துத் தமிழ்.

அந்த முக்கால் மணி நேரத்தில் பார்த்ததை எழுதிவைப்பது நல்லது. ஏனென்றால் தெருவுக்குள் தோணி விடுவது ஆற்றில் விடுவது மாதிரி இல்லை. மோட்டார் இருந்தும் அவர் பெரும்பாலும் அதை நிறுத்திவிட்டு மூங்கில் கழியால்தான் தள்ளினார். தண்ணீருக்கு அடியில் வேலிக்கம்பி, துணி, பொலித்தீன் எல்லாம் கிடக்கும், விசிறியில் சுற்றிக்கொள்ளும். வேகமாகப் போனால் எழும்பும் அலை கடைக் கண்ணாடியை உடைக்கும். கழிக்கு இன்னொரு வேலையும் உண்டு: மூடி போன கான் எங்கே இருக்கிறது என்று குத்திப் பார்ப்பது. சந்திகளில் குறுக்கே போகவில்லை. இரண்டு தெருத் தண்ணீர் சேருமிடத்தில் இழுப்பு கூடும் என்பதால் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றித்தான் போனார். எனக்கு மிகவும் பயமாக இருந்தது மேலே பார்த்தபோதுதான். தினமும் அண்ணாந்து பார்க்கும் மின்கம்பி, இப்போது கைக்கெட்டும் உயரத்தில். கரன்ட் நிறுத்தியிருப்பார்கள் என்று சொன்னேன். "நிப்பாட்டுனதா நெனச்சு தொடாத" என்றார்.

பெற்றோலுக்கு மட்டும் காசு வாங்கினார். சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. அந்தத் தண்ணீரில் இறங்குவது சும்மா வேலையில்லை. கோபம் வந்தது பிறகுதான். தண்ணீர் வடிந்து, நிவாரணத்துக்குப் பெயர் பதிந்தபோது, ஓர் அதிகாரி எங்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலாசம் தோட்டம். "தோட்டத்தில் வெள்ளம் இல்லையே?" என்றார். தோட்டத்தில் கேட்டால், நீ டவுனில்தானே இருந்தாய் என்றார்கள். எங்கள் பாய், உடுப்பு, சேர்டிபிகேட் போன வெள்ளம் எந்தப் பட்டியலிலும் நடக்கவில்லை. டவுன் கடைகளிலும் ஹொட்டல்களிலும் வேலை செய்யும் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதே கதையோ! வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது ஆற்றங்கரை ஆட்கள், மலை ஆட்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். நடுவில் கீழ்த்தட்டு அறையில் ஒரு கூட்டம் இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். ரோடும் ரயிலும் வருவதற்கு முன்னால் களுத்துறைக்கும் இரத்தினபுரிக்கும் இடையில் சாமான் போனதே களு கங்கையில் பாருவ என்ற தட்டையான சரக்குப் படகுகளில்தான். பிறகு களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் கஹவத்தை வழியாக ஓபநாயக்க வரைக்கும் வந்தது. 1976இல் அந்தப் பாதையையும் மூடிவிட்டார்கள். இப்போது ஆற்றில் படகு ஓட்டத் தெரிந்தவர்களும் குறைவு, ரயிலும் இல்லை. பெல்மதுளை ரோட்டில் ஓரிடத்தில் தண்ணீர் ஏறினால் நாங்கள் தீவு.

அந்தத் தீவுக்குள்ளும் நிம்மதி இல்லை. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மண்சரிவுக்குக் கவனம், 100 என்றால் தயாராக இரு, 150 என்றால் வெளியேறு. சரி, வெளியேறி எங்கே போவது? எங்கள் லயத்திலிருந்து இறங்குகிற ஒரே பாதை கீழே தண்ணீரில் முடிகிறது. மேலே இருந்தால் மலை, கீழே இறங்கினால் ஆறு. போட்டு மேட்டுக்கு ஏறாது. நாங்கள் போட்டு நிற்கிற இடத்துக்கு இறங்க வேண்டும், அதுவும் ராத்திரியில், அப்பாயியைத் தூக்கிக்கொண்டு. 2025 நவம்பரில் டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, மண் மூடிய லயங்களின் படங்களை நாடே பார்த்தது. அந்த வாரம் எங்கள் லயத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு சில வேலைகள் ஆரம்பித்திருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பாகத்தை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே செருகி, வளைந்த அடிப்பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்து ஸ்கூல் அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி ரெடி. போத்தல் ஒல்லியோ குண்டோ, மில்லிமீற்றர் ஒன்றுதான். காலையில் படிக்கிற வேலை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்ணையும், இரத்தினபுரி ஆற்று மட்டத்தையும் தமிழில் போடுகிறோம். அறிவித்தல் பல நேரம் சிங்களத்தில்தான் முதலில் வருகிறது. தமிழில் வரும்போது தண்ணீர் வந்துவிட்டிருக்கும். 5.2 மீற்றர் எச்சரிக்கை, 7.5 சிறு வெள்ளம், 9.5 பெரு வெள்ளம். டவுனில் வேலை செய்கிற பிள்ளைகள் 5.2 தாண்டியதும் சேர்டிபிகேட்டையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் கட்டி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது குழுவின் சட்டம்.

பணிய லயத்து அக்கா ஒருவர் முதல் நாளே கேட்டார்: "7.5ன்னா ரோட்டுல அவ்வளவு தண்ணியா தம்பி?" இல்லை அக்கா, அது ஆற்று அளவுகோலின் பூச்சியத்திலிருந்து எண்ணுவது, ரோட்டிலிருந்து இல்லை. வாய்ஸ் மெசேஜில் விளக்கிப் போட்டேன். இதுவரை முப்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள். நீச்சல் பழக ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். மாணிக்கக் குழித் தண்ணீர் வேண்டாம் என்று அம்மாக்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.