ஒரு பந்தும் பதினான்கு வாண்டுகளும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று தப்பிக்கப் பார்த்தேன். "அப்ப உங்க தெரு வாண்டுங்களைப் பத்தி எழுது. தினமும் லேப்ல அந்தக் கதையைத்தானே அளக்குற" என்றான். மாட்டிக்கொண்டேன்.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் ஏரியாவைப் பத்திரிகைகளில் 'மினி பிரேசில்' என்றுகூட எழுதுவதுண்டு. நடை பழகிய குழந்தை முதலில் தேடுவது பந்தைத்தான். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் ஆள் நான். அதனாலேயே நான் சாயந்திரம் பந்தோடு நின்றால் அம்மாவுக்கு வயிறு எரியும். "படிக்கிற புள்ள இன்னாத்துக்குடா பொடிசுங்க கூட மல்லு கட்டினு நிக்குற?" என்பார். கேள்வியில் நியாயம் இருந்தது. முதலாண்டு இயற்பியல் அரியர் அப்போது இன்னும் என் தலையில் உட்கார்ந்திருந்தது.

சென்ற மே விடுமுறையில்தான் ஆரம்பித்தது. ஆறு வயது முதல் ஒன்பது வயது வரை பதினான்கு பிள்ளைகள். பந்து ஒன்றே ஒன்று. அதுவும் பெரியவர்கள் ஆடுகிற ஐந்தாம் நம்பர் பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நம்பரோ நான்காம் நம்பரோதான் கொடுக்க வேண்டும். அதற்குக் காசுக்கு எங்கே போவது? இருந்ததை வைத்து ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பாடமுறை நம் ஃபிட்டிங் ஷாப் பாடமுறை. வரிசையில் நில், ஒவ்வொருத்தனா வா, சொன்னதைச் செய், திரும்பப் போய் நில். செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் பந்தை வளைத்துக் கொண்டு போகச் சொன்னேன். ஒருவனுக்கு அரை நிமிஷம். பதினான்கு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு நிமிஷம். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நாலே நாலு தடவைதான் பந்து கிடைக்கும். மீதி நேரம் கிள்ளுவான், பின்னால் நிற்பவன் டவுசரை இழுப்பான். நான் கத்துவேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதில் ஏழு வயதுப் பையன் ஒருவன். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவான். பயத்தைப் போக்குகிறேன் பேர்வழி என்று ஒருநாள் கொஞ்சம் வேகமாகவே உதைத்தேன். பந்து மூக்கில் பட்டது. ரத்தம் வரவில்லை. ஆனால் அழ ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. எனக்கு எரிச்சல். "உனக்கெல்லாம் வராதுடா, ஓரமா போய் உக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

நண்பர்களே, அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. முதலாண்டில் ஒரு கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன் நான் விழித்துக்கொண்டு நின்றபோது ஒருவர் எனக்குச் சொன்னது. (யார் என்று கேட்காதீர்கள்!) அன்றைக்கு நானும் ஓரமாகத்தான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பேப்பர்தான் அரியர்.

நாலு நாள் பையன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். அப்போதுதான் வந்திருந்தார். கையில் சிமெண்ட் காயவில்லை. "அவனுக்கு வராதுன்னு அண்ணன் சொல்லிடுச்சாமே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நிற்க முடியவில்லை. "பந்தைப் பார்த்துப் பயப்படறான்க்கா" என்று இழுத்தேன்.

"வேகமா வர்றத எதுத்தா நிக்கச் சொல்ற?" என்று கேட்டார். "கீழேர்ந்து ஒருத்தன் செங்கல்லு வீசுவான், மேல சாரத்துல நிக்கிறவன் வாங்குவான். எதுத்துப் புடிச்சா கைத்தோலு உரிஞ்சிடும். கல்லு வர்றப்ப கையும் அது கூடவே கொஞ்ச தூரம் போவணும். அப்பத்தான் கல்லு பூ மாதிரி உக்காரும்." சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து பையனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி இயற்பியல் புத்தகத்தை எடுத்தேன். கணத்தாக்கு என்ற பாடத்தை நான் மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் மறந்தவன். 430 கிராம் பந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது. உந்தம் 4.3. அதை நூற்றில் ஒரு நொடியில் நிறுத்தினால் காலில் விழும் விசை 430 நியூட்டன். காலைப் பின்னால் விட்டுக் கொடுத்துப் பத்தில் ஒரு நொடி எடுத்துக்கொண்டால் வெறும் 43 நியூட்டன். அந்தக்கா சொன்னது இவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வரிசையைக் கலைத்தேன். முதல் வேலை, ஆளுக்கொரு பந்து. பழைய பேப்பரைக் கசக்கி, கிழிந்த துணியைச் சுற்றி, சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மேலே மாட்டினோம். பீலேவே சின்ன வயதில் காலுறைக்குள் பேப்பர் அடைத்துத்தான் ஆடினார் என்று சொன்னதும் வாண்டுகளுக்கு ஒரே பெருமை. இந்தப் பந்து எகிறாது, ரொம்ப தூரம் ஓடாது, முகத்தில் பட்டாலும் வலிக்காது. காசில்லாததால் செய்தோம். ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதுதான் நல்ல பந்து என்று அப்புறம் புரிந்தது.

ஆட்டங்களையும் எங்கேயோ போய்த் தேடவில்லை. நாம் எல்லோரும் ஆடிய 'கல்லா மண்ணா'தான். தரையில் சாக்பீஸால் ஏழெட்டு வட்டம் போடுவேன். வட்டம் கல், மற்றதெல்லாம் மண். வட்டத்துக்குள் பந்தை மிதித்து நின்றால் பிடிக்கக் கூடாது. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் பந்தோடு போகும்போது, பிடிப்பவன் வந்து பந்தைத் தட்டிவிடலாம். ஒரு கல்லில் பத்து எண்ணும் வரைதான் நிற்கலாம். இதில் யாருக்கும் 'பந்தைக் காலோடு ஒட்டி வை', 'தலையைத் தூக்கிப் பார்' என்று கத்த வேண்டியதே இல்லை. பந்து தள்ளிப் போனால் பறிபோகும். குனிந்தே இருந்தால் பிடிப்பவன் வருவது தெரியாது. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

ஒரு தப்பு மட்டும் முதல் இரண்டு நாள் நடந்தது. பந்து பறிபோனவன் 'அவுட்' என்று ஓரமாக உட்கார வைத்தேன். உட்கார்ந்து யார் யார் என்று பார்த்தால் தினமும் அதே நாலு பேர். எவனுக்குப் பழக்கம் அதிகம் வேண்டுமோ அவன்தான் அதிக நேரம் வேடிக்கை பார்க்கிறான்! மூன்றாம் நாள் சட்டத்தை மாற்றினேன். பறிபோனால் ஓரமாகப் போய் இரண்டு காலாலும் மாற்றி மாற்றிப் பந்தின் தலையைப் பத்துத் தடவை தொட வேண்டும். தொட்டுவிட்டு உள்ளே ஓடி வந்துவிடலாம். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, "இது அழுகுணி ஆட்டம்ண்ணா" என்று சண்டைக்கு வந்தாள். அவள் ஒருநாளும் அவுட் ஆனதில்லை, அவளுக்கென்ன!

வேறு சில ஆட்டங்களும் உண்டு. 'சிவப்பு' என்றால் பந்தை மிதித்து நிற்பது, 'பச்சை' என்றால் ஓடுவது. இரண்டிரண்டு செருப்பை வாசல் மாதிரி வைத்து அதற்குள் பந்தை விடுவது. இதில் ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய், நான் போய் ஒரு அம்மாவிடம் திட்டு வாங்கியது தனிக்கதை.

அந்தப் பையன் ஒரு வாரம் கழித்து வந்தான். நான் கூப்பிடவில்லை. டியூப் பந்தைப் பார்த்துத்தான் வந்தான். அவனுக்காகவே 'செங்கல் ஆட்டம்' என்று ஒன்று வைத்தேன். இரண்டு பேர் எதிரெதிரே. ஒருவன் உருட்டுவான், மற்றவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே வாங்க வேண்டும். பந்து ஒரு ஜாணுக்குமேல் தெறித்துப் போகக் கூடாது. அவன் மூன்றாம் நாளே எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டான். "ண்ணா, நீ எதுத்து நிக்கிற. கூடவே போ" என்று எனக்கே சொன்னான்.

அக்டோபரில் அரியர் எழுதினேன். கணத்தாக்குக் கேள்வி வந்தது. புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு, செங்கல் வாங்குகிற ஆளைப் படம் போட்டு எழுதினேன். பேப்பர் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னதற்கு, "அப்ப இனிமே பந்தாடப் போவமாட்டியா?" என்று கேட்டார். எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று இன்னும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் நிஜப் பந்தையே கேட்டான். ஐந்தாம் நம்பரை எடுத்து, மெதுவாகத்தான் உதைத்தேன். "வேகமா போடுண்ணா" என்றான். போட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே நின்றான். கால் பின்னால் போனது, பந்து காலடியில் உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவன் திருப்பி உதைத்த உதையில் பந்து நேரே சாக்கடைக்குள் விழுந்தது. எடுத்துக் கழுவியது நான்தான்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு