வாய்க்கால் தண்ணீர் கிளம்பும் மலையில் ஒரு காலை நடை

‘பிள்ளைகளுக்கு லீவு. ஆனால், மாடு கன்றை விட்டு ஒரு நாளைக்கு மேல் நகர முடியாது. வயதானவர்களும் நடக்கிற மாதிரி பக்கத்தில் ஒரு மலை சொல்லுங்கள்’ என்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்பார்கள். நான் சொல்வது வால்பாறை. அழகுக்காக மட்டும் அல்ல. பி.ஏ.பி. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஒவ்வொருவரும், அந்தத் தண்ணீர் கிளம்புகிற இடத்தை ஒரு தடவையாவது நடந்து பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கண்ணுக்குக் கீழே தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைச் சரிவில் வரையாடும் தெரியும். அட்டகட்டி, கவர்க்கல் கடந்தால் தேயிலைதான்.

வால்பாறை ஊரே சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ‘மன்ரோ’ என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அந்த உயரத்தைத் தாண்டிவிடுகிறோம். ஆனால் அங்கே 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் பெரும்பாலான மலைநிலங்களில் நடக்கலாம். இங்கே அது நடக்காது. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். நடுவில் எஸ்டேட்டுகள். இரண்டுக்கும் இடையே யானைகள் போய் வருகின்றன. அனுமதித்த பாதையில் மட்டுமே நடக்க வேண்டும்.

அப்படி ஒரு பாதை நல்லமுடி பூஞ்சோலை. தேயிலைக்கு நடுவே போகிற வழி. ஏற்றம் அதிகமில்லை, பாட்டி தாத்தாவும் நின்று நின்று வந்துவிடலாம். பாதை முடிகிற இடத்தில் மலை சட்டென்று இறங்கி, கேரளக் காட்டுப் பள்ளத்தாக்கு விரியும். மேகம் விலகினால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைப் பார்க்கலாம்.

அங்கே நின்று சரிவைக் கவனியுங்கள். இந்த மேட்டு நிலம் மேற்கே சாய்ந்தது. கூழாங்கல் ஆறு உட்பட இங்குள்ள ஓடைகள் சோலையாற்றில் சேர்ந்து, அப்படியே விட்டிருந்தால் கேரளா வழியாக அரபிக் கடலுக்குப் போயிருக்கும். அதை மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். இதற்கான இரு மாநில ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958 முதலே செல்லும்படி வைக்கப்பட்டது. நீராற்றிலிருந்து சோலையாறு, அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி, பிறகு காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணை. பல்லடத்திலும் காங்கயத்திலும் மடை திறக்கிறவர் காட்டுக்கு வருகிற தண்ணீர் இவ்வளவு தூரம் நடந்து வந்தது.

நம் சமவெளியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 600, 700 மில்லிமீட்டர்தான். நல்ல பருவத்தில் சின்னக்கல்லாறு ஜூலை மாதம் மட்டுமே அதைத் தாண்டிவிடும். இவ்வளவு மழை அடித்தும் மண் எப்படி நிற்கிறது? வழியில் எஸ்டேட்டுகளுக்கு இடையே தப்பி நிற்கும் சோலைத் துண்டுகளை ஓரத்தில் நின்று பாருங்கள். தரையே தெரியாது. மேலே காய்ந்த சருகு, அதன் கீழ் மட்கியது, அதற்கும் கீழே கருப்பு மண். மழைத்துளி நேராக மண்ணில் விழுவதே இல்லை. அங்கிருந்து வருகிற ஓடை மழை நாளிலும் அவ்வளவாகக் கலங்காது. செடி மூடிய தேயிலைச் சரிவும் ஓரளவு தாங்கும். ஆனால் மூடாத வண்டிப்பாதையில் ஓடுகிற தண்ணீரைப் பாருங்கள், செம்மண் குழம்பு. அந்த மண் கடைசியில் அணையில்தான் படிகிறது. படிந்த அளவுக்கு நமக்குத் தேங்கும் தண்ணீர் குறைகிறது. மேலே ஒரு சோலை அழிந்தால், கீழே ஒரு முறைத் தண்ணீருக்கு ஆபத்து.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

மேகம் குறைந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழையும் அட்டையும் இருக்கும். அட்டை கடித்தால் பிடுங்காமல் உப்பு வையுங்கள்.

இ-பாஸ் விவரத்தையும், பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

காலை எட்டு மணிக்கு மேல் நடந்து, வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டத்தைத் தெரிவிக்க இங்கே குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். தோட்டத் தொழிலாளர்கள் ‘போகாதீங்க’ என்றால் அதோடு திரும்புங்கள். சிறுத்தையும் உண்டு, சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஆற்றில் இறங்க வேண்டாம். முழங்கால் ஆழம்போலத் தெரியும் இடத்தில் பாறைக்கடியில் பள்ளம் இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

ஊர் திரும்பியதும், சோலையில் பார்த்ததை உங்கள் தென்னையடியில் செய்து பாருங்கள். விழுந்த மட்டையைக் கொளுத்தாமல் வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணில் புதையுங்கள். ஈரம் நிற்கும், அடுத்த முறை வரும்வரை மரம் தாங்கும். ஒரு மாதம் கழித்து மட்டையை விலக்கி, அடியில் உள்ள மண்ணையும் மூடாத இடத்து மண்ணையும் இரண்டு கையில் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எது சோலை மண் மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.