செங்கல்பட்டில் பிறந்த ஹிந்தி நட்சத்திரம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரி உண்டு, வயலை விழுங்கி வளர்ந்த வீடுகள் உண்டு. இங்கிருந்து ஒரு ஹிந்தி நட்சத்திரத்தின் பிறந்த ஊருக்குப் போய் வரலாமா, சகோதரிகளே? பம்பாய்க்கு டிக்கெட் வாங்க வேண்டாம். ஒரு தூக்கில் புளியோதரை போதும். வெளிவட்டச் சாலையில் வண்டலூர், அப்புறம் ஜி.எஸ்.டி. சாலை; கொளவாய் ஏரி பளபளவென்று தெரிந்தால் செங்கல்பட்டு வந்து விட்டது!

1938-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி வஹீதா ரெஹ்மான் பிறந்தது இங்கேதான். அப்போது நம் பாரிவாக்கமும் செங்கல்பட்டு ஜில்லாதான். ஆக, நம் ஜில்லாப் பெண்! நாலு பெண்களில் கடைக்குட்டி. தகப்பனார் அரசாங்க அதிகாரி. மாற்றலாகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டியது.

பெண்ணுக்குப் பரதநாட்டியத்தில் ஆசை. திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினாராம். ஜாதகம் கொண்டு வா என்றாராம். முஸ்லிம் வீட்டில் ஜாதகத்துக்கு எங்கே போவது? கடைசியில் அவரே கணித்துப் பார்த்துவிட்டு, பாடம் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்தார். வஹீதாவே சொன்ன கதை இது.

பதின்மூன்று வயதில் தகப்பனாரை இழந்தார். 1955-இல் தெலுங்கு ‘ரோஜுலு மாராயி’யில் ஒரே ஒரு நடனம், ஆந்திரமே கிறங்கியது. மறு வருஷம் அதே கதை தமிழில் ‘காலம் மாறிப் போச்சு’ ஆனபோதும் ஆடினார். ஹைதராபாத் வந்த குருதத்தின் கார் ஓர் எருமை மீது மோதிப் பழுதாகி, அவர் அங்கே தங்க நேர்ந்ததால்தான் இந்தப் பெண் கண்ணில் பட்டாள் என்பார்கள். அந்த எருமைக்கு ஹிந்தி சினிமா கடன்பட்டிருக்கிறது!

பம்பாயில் ஒப்பந்தம் தயார். ஆனால், பெயர் நீளம், மாற்ற வேண்டும் என்றார் டைரக்டர் ராஜ் கோஸ்லா. யூசுப் கான் திலீப் குமாராகவில்லையா? மும்தாஜ் மதுபாலாவாகவில்லையா? பெண் அசையவில்லை. அப்பா அம்மா வைத்த பெயர், மாற்ற மாட்டேன் என்று விட்டாள். போதாக் குறைக்கு, பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்றும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னாள். மேஜராகாத பெண், தாயார்தான் கையெழுத்துப் போட வேண்டும். சந்தர்ப்பம் கை நழுவினால் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. நம் வீட்டுப் பெண் இப்படிப் பேசினால் நாம், ‘சும்மா இருடி!’ என்று அடக்கியிருப்போம், இல்லையா? சில நாள் யோசித்துவிட்டு, பம்பாய்க்காரர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

1956-இல் ‘சி.ஐ.டி.’, 1957-இல் ‘பியாஸா’, 1959-இல் ‘காகஸ் கே பூல்’. எனக்குப் பிடித்தது 1965-இல் வந்த ‘கைட்’தான். நம் ஆர்.கே. நாராயணின் கதை. கணவனை விட்டு விலகி, நாட்டியத்தைப் பிடித்துக் கொள்ளும் ரோஸி. பிள்ளையவர்கள் கற்றுக் கொடுத்த பாதங்கள் அதில் பேசுகின்றன.

1974-இல் கல்யாணம், பெங்களூர்ப் பக்கம் பண்ணை வாழ்க்கை. 2000-இல் கணவர் காலமானார். மறுபடி பம்பாய், மறுபடி காமிரா. 2023-இல் தாதாசாகேப் பால்கே விருது அறிவித்தார்கள்.

தமிழ்ப் படத்தில் பார்க்க வேண்டுமா? 1956-இன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் சலாம் போட்டு ஆடுகிறாரே, அவர்தான். 2018-இல் ‘விஸ்வரூபம் 2’-இல் கமல்ஹாசனுக்குத் தாயாராக வருபவரும் அவரேதான்.