சமணர் மலையில் படித்த நேரம்

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிப் பல்கலை நகர். மதுரைப் பல்கலைக்கழகம் 1978-இல்தான் காமராசர் பெயரைச் சூடிக்கொண்டிருந்தது. அங்கே விலங்கு நடத்தை பயின்ற எங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் பாதி உயிரியல் புலக் கட்டடம்; மீதி கீழக்குயில்குடிச் சமணர் மலை.

சாயங்காலம் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு மேலேறுவோம். டீக்கடைப் பெரியவர் ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஏந்தம்பி, வவ்வாலப் போயி என்னத்தப்பா படிக்கிறீக?" "அதுக்கு மணி எப்படித் தெரியுதுன்னு பாக்குறோம் ஐயா" என்போம். சிரிப்பார். உள்ளபடியே அதுதான் ஆராய்ச்சி.

ஜெர்மனியின் ட்யூபிங்கனில் எர்வின் ப்யூனிங்கிடம் உயிர்க்கடிகாரம் பற்றிக் கற்றுவந்த பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் இங்கே கட்டி வளர்த்த துறை அது. இருட்டுக் குகைக்குள் கூண்டில் ஒரு வௌவால். அது பறப்பதையெல்லாம் வெளியே ஓடும் காகிதச் சுருளில் பேனா கோடாக்கும். ஒவ்வொரு நாளின் துண்டையும் வெட்டி, முந்தைய நாளுக்குக் கீழே ஒட்டவேண்டும். பசை காய்வதற்குள் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும், கோடுகள் நேராக இறங்குகின்றனவா, சரிகின்றனவா என்று. இன்று கணினி ஒரு நொடியில் அந்தப் படத்தை வரைந்து தருகிறது. ஒட்டிப் பார்த்த கை அறிந்ததை அது சொல்லித் தருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் வெளியிட்ட முடிவு எங்களுக்குப் பாலபாடம். தனியே விடப்பட்ட வௌவாலின் நாள் 24 மணி நேரத்திலிருந்து விலகித் தன்போக்கில் போகிறது. அதே குகையில் சொந்தக்காரக் கூட்டம் இருந்தால், வெளிச்சமே காணாத கூண்டு வௌவாலும் அவை கிளம்பும் வேளைக்குச் சிறகடிக்கிறது. ஊரார் எழுந்து நடமாடும் சத்தத்திலேயே விடிந்ததென்று அறிகிற கிழவிபோல.

வளாகத்தில் மனிதருக்கும் ஒரு குகை இருந்தது. சன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, வானொலி கிடையாது. விருப்பத்தோடு வந்தவர்கள் அதில் நாள்கணக்கில் தங்குவார்கள். இரண்டு மணி நேரம் ஆனதாகத் தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். விழித்திருக்கும் பொழுது நீள நீள, அவர்கள் மனத்தின் 'இரண்டு மணி நேரமும்' நீண்டது. சிலருக்கு ஒரு 'நாள்' நம்முடைய இரண்டு நாளளவுக்கு இழுபட்டது. தமக்கோ அது வழக்கமான பகல்தான்.

வெளியே காவலிருக்கும் மாணவர்களுக்குத்தான் சோதனை. உள்ளே இருப்பவர் காலை உணவென்று கேட்பார், நமக்கு நள்ளிரவு. மணி என்ன என்பது குரலில்கூடத் தெரியக்கூடாது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு இட்லிக்கு ஆள் அனுப்புவோம்.