ரிச்சி தெருவுக்குப் போறீங்களா? பரணில் தூங்கும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கோங்க!

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். முன்வரிசையில் செல்போன் கவரும் சிசிடிவி கேமராவும் மின்னும்; சந்துக்குள் போகப் போக சால்டரிங் வாசனை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

80-களில் வளைகுடாவிலிருந்து அப்பா சுமந்து வந்த ஸ்பீக்கர் ஜோடியோடு வருகிறீர்களா? சரிசெய்வதா, புதுசாக்குவதா, விற்பதா?

முதலில் கூம்பை விரல்களால் மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் இல்லையென்றால் காயில் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் 15, 20 வருடங்களில் பொடிந்துபோவது இயல்பு. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே கிராஸ்ஓவரில் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களையும் மாற்றச் சொல்லுங்கள்.

புளூடூத் வேண்டுமா? பெட்டியை அறுக்க வேண்டாம். வெளியே சின்ன ஆம்ப்ளிஃபயர் போதும். ஓம்ஸ் அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காயில் கருகி, உதிரி பாகமும் கிடைக்கவில்லையா? விற்கலாம். ஜோடியாகவே கொடுங்கள், ஒற்றைக்கு விலை இருக்காது. ஆனால், அப்பாவிடம் கேட்காமல் விலை பேசாதீர்கள். விற்ற பிறகு அதே ஜோடி திரும்பக் கிடைக்காது!