புகைக்கு வழி

படகுக்கு ஹீட்டர் மாட்டுவதுதான் என் பிழைப்பு என்றால் எங்கள் மாகறலில் சிரிப்பார்கள். செய்யாற்றங்கரை ஊர், மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். அங்கே டீசல் எரிந்தது தண்ணீர் இறைக்க. நான் தொழில் பழகியதும் அந்த ஆயில் இன்ஜின்களில்தான். 1990-இல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்ஜின் வேலை மெல்ல வற்றியது. ஊர் ஊராகச் சுற்றி, இப்போது நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் ஒரு படகுப் பட்டறையில் இருக்கிறேன்.

இந்த நாட்டுக்கும் நம் மீனவர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1953-இல் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம்தான் அந்தக் கரையின் படகுகளுக்கு இன்ஜினைப் பழக்கியது. யாழ்ப்பாணம் குருநகரின் அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் இங்கே வந்து மீன்பிடித் தொழில் கற்றார். 1983-க்குப் பின் வந்த ஈழத்தமிழர் பலருக்கு ஃபின்மார்க்கின் மீன் ஆலைகள் சோறு போட்டன.

தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் இந்தக் கடல் உறைவதில்லை. அதனால் சூரியனே எழாத மாதங்களிலும் சிறு படகுகள் மீனுக்குப் போகின்றன. கேபினுக்குள் மூச்சுக்காற்றே கண்ணாடியில் நீராகி வழியும். நனைந்த கையுறை காயாது. விரல் மரத்தவன் கயிற்றைப் பிடிக்க முடியாது.

சிறு படகின் கேபினுக்கு 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் பெரும்பாலும் போதும். மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே டீசல் குடிக்கும். பெட்டியை மாட்டுவது சின்ன வேலை. டீசல் வரும் வழி, காற்று நுழையும் வழி, புகை போகும் வழி, மின்சாரம் வரும் வழி என்று நான்கு வழிகளை வகுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

டீசலுக்கு டேங்கிலிருந்து தனிக் குழாய் எடுப்பேன். இன்ஜின் குழாயில் கிளை பிரித்தால் இன்ஜின் இழுக்கும்போது ஹீட்டர் பட்டினி கிடக்கும். பம்பின் வெளிவாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றுக் குமிழ் தங்காது. ஆயில் இன்ஜினில் ஏர் எடுத்துப் பழகிய கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்கம்பியை மெலிதாகப் போடக் கூடாது. பற்றவைக்கும் நேரத்தில் ஹீட்டர் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும்; கம்பியிலேயே வோல்டேஜ் இறங்கினால் பற்றாது. வாங்கியவர் பெட்டியைக் குறை சொல்வார்.

புகைக்குழாய்தான் நெடுநேரம் எடுக்கும். அலை அடித்தால் கடல்நீர் உள்ளே ஏறாதபடி, நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு தூக்கித்தான் வெளியே விடவேண்டும். வளைவு வைத்தால் தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கும். அதற்கு ஒரு வடிகால் வேண்டும். குழாய் கொதிக்கும், படகோ ஃபைபர். எனவே வெப்பம் தாங்கும் உறை சுற்றி, படகின் சுவரைத் தாண்டும் இடத்தில் இரட்டைச் சுவர் கொண்ட பொருத்தி வைக்கிறோம். எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுக்கிறோம்.

படகில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நல்ல படகிலை ஏன் ஓட்டை போடுறீர்? குழாயை இன்ஜின் அறைக்குள்ளையே விட்டால் காணாதோ?"

"காணாதண்ணே. இன்ஜின் அறைக்கும் நீங்க படுக்கிற இடத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரு பலகை" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் துளைக்கருவியை எடுத்துக் கொடுத்தார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். களைத்துத் தூங்குபவனுக்குத் தலைவலி என்ற எச்சரிக்கைகூடக் கிடைக்காது. அதனால் படுக்கைப் பக்கம் அதற்கான அலாரம் ஒன்று வைக்காமல் எந்த வேலையையும் நான் முடித்துக் கொடுப்பதில்லை. வேண்டாம் என்பவருக்கு ஹீட்டரே மாட்டித்தர மாட்டேன்.

ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் சொல்வேன். மெல்லிய சூட்டிலேயே நாள்கணக்கில் ஓட்டினால் உள்ளே கரி படியும். அவ்வப்போது முழு வேகத்தில் எரியவிடுங்கள். அணைத்ததும் பேட்டரி சுவிட்சைப் பிடுங்காதீர்கள். விசிறி சில நிமிடம் ஓடித்தான் பெட்டி ஆறும்.

படகும் ஹீட்டரும் நமக்கெதற்கு என்று இதைப் படிப்பவர் நினைக்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழாமல் போனவர்களைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் கொன்றதும் இதே வாயுதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். படுக்கும் அறைக்குள் கரியடுப்பை எடுத்துச் செல்லவே வேண்டாம். இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.